கடைமடைக் கணக்கு

வந்திக் கிழவியின் கதை தெரியாத தமிழர் இருக்கமாட்டார்கள். வையையில் வெள்ளம் வந்து கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, அவரவருக்கு அளந்துவிட்ட பங்கை மண் போட்டு அடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறை அறைவித்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்குப் பிள்ளை இல்லை, ஆளும் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து சேர்ந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கி உண்டார், பாடினார், ஆடினார், படுத்து உறங்கினார். மண்ணை மட்டும் சுமக்கவில்லை. ஊரார் பங்கெல்லாம் உயர்ந்து நிற்க, வந்தியின் பங்கு மாத்திரம் பள்ளமாகக் கிடந்தது. அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகு உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது.

பக்தர்கள் இந்தக் கதையில் இறைவனின் கருணையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதும் அதுதான். ஆனால் அதற்குள்ளே ஒரு மராமத்து வழக்கும் அடங்கியிருக்கிறது. கரை பொதுச் சொத்து. பழுதுபார்க்கும் பொறுப்பு பங்கு போட்டு அளந்துவிடப்பட்டது. ஒரு பங்குக்காரர் தம் பங்கைச் செலுத்தவில்லை. அதை அவரிடமிருந்து எப்படி வாங்குவது? பாண்டியனுக்குத் தெரிந்த வழி பிரம்பு. பின்னால் வந்த சர்க்கார்களுக்குத் தெரிந்த வழி சட்டம். இரண்டில் எதற்கு அதிக பலன் கிட்டியது என்பதைக் காவேரியின் கடைசி ஊர்களில் ஒன்றான தரங்கம்பாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் இருந்தால் தகராறு சின்னது. சுவர் சரிந்தால் இந்தப் பக்கத்து உத்தரமும் போகும், அந்தப் பக்கத்து உத்தரமும் போகும். எவ்வளவு முறைத்துக்கொண்டிருக்கும் அண்டை வீட்டுக்காரரும் மழைக்காலத்துக்கு முன்னால் வழிக்கு வந்துவிடுவார். பொதுக்கிணறும் அப்படித்தான். தூர் எடுக்காவிட்டால் இரண்டு வீட்டுக் குடமும் காலியாகவே மேலே வரும். கெடுதி இருவருக்கும் சமம். அதனால் செலவைச் சமமாகப் போட்டுக்கொள்வதில் நியாயம் இருப்பது இருவருக்கும் தெரியும்.

வாய்க்காலின் விஷயம் வேறு. அதன் தலைப்பில் ஒருவர் நிலம், வாலில் ஒருவர் நிலம். வாய்க்கால் தூர்ந்து போனாலும் தலைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்துவிடும். கோரையும் நாணலும் மண்டினால்கூட அவருக்கு ஒரு விதத்தில் லாபந்தான். தண்ணீர் மேலே தேங்கி, அவர் மடையில் இன்னும் சுலபமாக ஏறும். நஷ்டமெல்லாம் கடைமடைக்காரருக்கு. அவருடைய நிலத்துக்கு முன்னால் ஒரு மைல் வாய்க்கால் இருந்தால், அந்த ஒரு மைலும் சுத்தமாக இருந்தாக வேண்டும். நடுவிலே ஒருவர் தம் பங்கை வெட்டாமல் விட்டாலும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். ஆக, வாய்க்காலை வெட்ட வேண்டும் என்ற ஆத்திரம் எவருக்கு அதிகமோ, அவர் கையில் வாய்க்கால் இல்லை. எவர் கையில் வாய்க்கால் இருக்கிறதோ, அவருக்கு ஆத்திரம் இல்லை.

தரங்கம்பாடி அப்படிப்பட்ட கடைமடைப் பிரதேசம். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. முன்னே தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. கல்லணையில் பிரிந்த காவேரி நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே வந்து, கிளையாகி, கிளைக்குள் கிளையாகி, வீரசோழன், மகிமலையாறு போன்ற சிற்றாறுகளாக இந்தப் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. வழியில் எத்தனை மதகு, எத்தனை வாய்க்கால், எத்தனை மிராசு! எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சியது இங்கே வரும். கடல் பக்கத்திலேயே இருப்பதால், ஆற்றுத் தண்ணீர் போதாத வருஷத்தில் உப்பும் மேலே ஏறிவிடும்.

1620-இல் ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதி வந்து தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார். கோட்டைக்கும் பட்டினத்துக்கும் அப்பால் பொறையாறு, தில்லையாடி முதலிய ஊர்களும் நாளடைவில் டேனியர் வசம் வந்தன. ஆனால் அந்த ஊர்களின் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் டேனியருடையதல்ல. அது முதலில் தஞ்சை ராஜ்யத்து மண்ணிலும், 1799-க்குப் பிறகு இங்கிலீஷ் கம்பெனியின் மண்ணிலும் நடந்து வரவேண்டிய தண்ணீர். கோட்டைச் சுவரில் எத்தனை பீரங்கி வைத்தால் என்ன? மேலே ஒரு கிராமத்தார் வாய்க்கால் வெட்டாவிட்டால், பீரங்கியைத் திருப்பி அவர்களைச் சுட முடியுமா? கடைமடையின் பலவீனம் ராஜாவானாலும் குடியானாலும் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் தஞ்சைக் கிராமங்கள் இந்தச் சிக்கலைச் சமாளித்த விதம் யோசித்துப் பார்க்கத் தக்கது. கிராமம் பங்குகளாக இருந்தது. நிலம் மட்டுமல்ல, கிராமத்துச் செலவு, கோயில் செலவு, வாய்க்கால் வேலை எல்லாமே பங்கின்மேல்தான் ஏறும். இரண்டு பங்கு வைத்திருப்பவர் ஒரு பங்கு வைத்திருப்பவரைப்போல் இரண்டு மடங்கு ஆள் அனுப்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் ஆறும் வாய்க்காலும் வறண்டு கிடக்கும்போது, புதுத் தண்ணீர் வருவதற்கு முன்னால், வண்டலை வாரிக் கரையில் போட்டு, உடைப்பை அடைத்து, மடைகளைச் சரிசெய்துவிட வேண்டும். இதற்குத்தான் குடிமராமத்து என்று பெயர். மராமத்து என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. முன்னாலே நிற்கும் ‘குடி’ நம்முடையது. பெயர் பிந்தியது, வழக்கம் வெகு பழையது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்தது.

தஞ்சைக் கிராமங்கள் சிலவற்றில் கரையீடு என்ற ஓர் ஏற்பாடும் இருந்தது. கரை என்றால் இங்கே பங்கு. சில வருஷத்துக்கு ஒரு முறை நிலங்களைத் திரும்பவும் பங்காளிகளுக்குள் மாற்றிப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று தலைமடையில் உழுகிறவர் அடுத்த தவணையில் கடைமடைக்குப் போகலாம். இந்த ஏற்பாட்டின் அழகைப் பாருங்கள். தலைமடைக்காரர் வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்பாமல் இருந்தால், தாமே நாளைக்குப் போய் உட்காரப்போகும் இடத்தைத் தாமே கெடுத்துக்கொண்டவர் ஆவார். அண்டைக்காரரின் பங்கை வாங்குவதற்குத் தாசில்தார் வேண்டியதில்லை, பிரம்பும் வேண்டியதில்லை. அண்டைக்காரரின் நிலமே நாளைக்குத் தம் நிலமாகலாம் என்ற எண்ணம் போதும்.

ஆனால் எந்தக் குடும்பமும் உரம் போட்டுப் பண்படுத்திய வயலை மற்றொருவருக்கு விட்டுக்கொடுக்க மனம் ஒப்பாது. ஊர் ஊராக நிலத்தை ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்கு அறுதிக்கரை என்று பெயர். சொத்து என்ற முறையில் அது முன்னேற்றந்தான். கிணறு வெட்டவும், தோப்பு வைக்கவும், கடன் வாங்கவும், விற்கவும் சௌகரியம். வாய்க்காலுக்கு மாத்திரம் அது நல்லதாக முடியவில்லை. தலைமடை என்றென்றைக்கும் தலைமடையாகவும், கடைமடை என்றென்றைக்கும் கடைமடையாகவும் நின்றுவிட்டன.

இதோடு இன்னொரு மாறுதலும் சேர்ந்தது. கம்பெனி சர்க்கார் ஆற்றைக் கையில் எடுத்துக்கொண்டது. 1836-இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. பெரிய அணை, பெரிய மதகு, ஆற்றுக்கரை எல்லாம் சர்க்கார் மராமத்து. கிராமத்து வாய்க்கால் குடிமராமத்து என்று கணக்கு இரண்டாகப் பிரிந்தது. குடியானவர்கள் கேட்டார்கள்: “நன்செய் வரி வாங்குகிறீர்களே, அது எதற்கு? தண்ணீருக்குத்தானே? தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது உங்கள் வேலையல்லவா?” சர்க்கார் சொல்லிற்று: “வரி பூமிக்கு. வாய்க்கால் வெட்டுவது உங்கள் மாமூல்.” இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. அதனால் வழக்கு முடியவில்லை. நடுவில் வாய்க்கால் தூர்ந்துகொண்டிருந்தது.

1845-இல் டென்மார்க் அரசர் தரங்கம்பாடியையும், வங்காளத்தில் இருந்த ஸ்ரீராம்பூர் முதலிய இடங்களையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டார். உடனே ஒரு விசித்திரம் நடந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டர் கச்சேரி தரங்கம்பாடிக்கு வந்தது. 1860 வரை இங்கேதான் இருந்தது. காவேரியின் தலைமடை முதல் கடைமடை வரை ஒரு ஜில்லா முழுவதையும் கடைமடையில் உட்கார்ந்துகொண்டு ஆண்ட காலம் அந்தப் பதினைந்து வருஷம். அந்தப் பதினைந்து வருஷத்துக்குள்ளேதான், 1858-இல், நம் விஷயத்துக்கு நேரான சட்டம் பிறந்தது. அந்த வருஷத்து முதலாவது சட்டம் அது. சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று பின்னால் பெயர் பெற்றது.

அதில் இரண்டு வகையான ஏற்பாடு இருக்கிறது. முதலாவது, ஆபத்துக் காலத்துக்கு. ஏரியோ ஆற்றங்கரையோ உடையப்போகிறது என்றால் பக்கத்துக் கிராமங்களில் உடல் வலுவுள்ள உழைப்பாளி வகுப்பு ஆண்களை எல்லாம் கூப்பிட்டு வேலை வாங்கலாம். அந்தப் பக்கத்தில் கொடுக்கும் கூலிகளில் எது அதிகமோ அதைக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது, ஆறாவது பிரிவு. ஒரு கிராமத்தில் பாசன வேலையையோ வடிகால் வேலையையோ எல்லாரும் சேர்ந்து செய்வது வழக்கமாக இருந்து, அதில் கட்டுப்பட்ட ஒருவர் தக்க காரணம் இல்லாமல் தம் உழைப்பைக் கொடுக்க மறுத்தால், கொடுக்கவேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு பங்கு பணம் அவரிடமிருந்து வாங்கலாம். தாசில்தார் எழுத்துமூலம் உத்தரவு போட வேண்டும். கிராமத் தலைவர் கேட்க வேண்டும்.

எட்டணா வேலைக்கு ஒரு ரூபாய்! கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. இருந்தும் இந்தப் பிரிவு பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டது. காரணத்தை ஊகிக்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. முதலில் வழக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். வழக்கத்துக்கு எழுத்து கிடையாது. சாட்சி சொல்லவேண்டியவர்கள் அதே ஊர் மிராசுதார்கள். பிறகு இன்னாருடைய பங்கு இவ்வளவு என்று காட்ட வேண்டும். விற்று, வாங்கி, பாகம் பிரிந்து, பங்கு என்பதே நாலாவது தலைமுறையில் பின்னத்தில் வந்து நிற்கும். எல்லாம் காட்டிப் பணத்தை வாங்கிவிட்டாலும், அதற்குள் ஆடி வந்துவிடும். ஆடிப் பெருக்கில் வாய்க்காலுக்கு வேண்டியது மண்வெட்டி, ரூபாய் அல்ல. அதற்கும் மேலே ஒன்று உண்டு. வரமாட்டேன் என்று மறுக்கிறவர் எப்போதும் ஏழையாகவா இருப்பார்? தலைமடையில் பத்து வேலி வைத்திருக்கும் பெரிய மிராசுதாரிடம் போய், உம் பங்கு பாக்கி என்று ஊர்ப் பட்டாமணியம் கேட்கத் துணிவாரா? பட்டாமணியம் பெரும்பாலும் அவருக்கு உறவினர். சில ஊரில் அவரே பட்டாமணியம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. தரங்கம்பாடியை விற்ற அதே டென்மார்க் அரசர்களின் ஆட்சியில் 1864 வரை ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற சீமைகளும் இருந்தன. அவற்றின் மேற்குக் கரை தாழ்ந்த பூமி. கடலைக் கரை போட்டுத் தடுத்தால்தான் உழ முடியும். அங்கே கடற்கரை அணையை நிலத்துக்கு நிலம் அளந்து, இவ்வளவு நீளம் இன்னார் பொறுப்பு என்று விட்டிருந்தார்கள். வந்தியின் கதையில் உள்ளது போலவே! ஆனால் அவர்களுடைய பழைய சட்டத்தில் ஒரு பயங்கரமான முடிவு இருந்தது. தன் பங்கைப் பழுதுபார்க்கச் சக்தியில்லாதவன் தன் மண்வெட்டியை அந்தக் கரையில் குத்திவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். எவன் அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறானோ அவனுக்கு நிலமும் சொந்தம். கரைப் பொறுப்பும் சொந்தம். மண்வெட்டிச் சட்டம் என்றே அதற்குப் பெயர். கரை காக்காதவன் வெளியேறட்டும் என்பதுதான் அதன் சாரம். ஜெர்மன் ஆசிரியர் தியோடர் ஸ்டோர்ம் 1888-இல் எழுதிய ‘வெள்ளைக் குதிரைக்காரன்’ கதை அந்தக் கடற்கரையில் அணை காத்த ஒரு மனிதனைப் பற்றியது. மண்ணுக்கும் கடலுக்கும் நடுவிலே ஊர்க்காரர்களின் அசட்டையும் பொறாமையும் எப்படிப் புகுந்து வேலை செய்யும் என்பதை அதில் படிக்கலாம்.

அங்கே பங்கைத் தவறவிட்டவன் நிலத்தை இழந்தான். இங்கே இரட்டைக் கூலி. ஏன் இந்த வித்தியாசம்? அங்கே ஒருவன் பங்கு உடைந்தால் எல்லாருடைய நிலத்திலும் கடல் ஏறிவிடும். தலை, கடை என்ற பேதம் இல்லை. வெள்ளத்துக்கு எல்லாரும் சமம். வையைக் கரையும் அத்தகையதே. அதனால்தான் பாண்டியன் பிரம்பை எடுத்தான். பாசன வாய்க்காலில் ஒருவருடைய அசட்டை எல்லாரையும் அடிப்பதில்லை. கீழே இருப்பவரை மட்டும் அடிக்கிறது. கீழே இருப்பவருக்காகச் சட்டம் மண்வெட்டியைக் குத்தச் சொல்லுமா?

சரி, ஆளை வரவழைக்க முடியவில்லை. நாமே செலவு செய்து பழுதுபார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கேட்டால் என்ன? இந்தக் கேள்விக்கும் இந்தியச் சட்டத்தில் பதில் உண்டு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. ஒருவர் நியாயமான முறையில் மற்றொருவருக்காக ஒரு காரியம் செய்கிறார்; அதை இனாமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை; மற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார். அப்படியானால் பலனை அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும். இருவருக்குள்ளும் ஒப்பந்தம் பேசியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இந்தப் பிரிவைக் கொண்டு சென்னை ஹைகோர்ட்டில் 1890-களில் ஒரு வழக்கு நடந்தது. தாமோதர முதலியார் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஓர் ஏரி. பதினொரு கிராமங்கள் அதிலிருந்து பாசனம் பெற்றன. சில கிராமங்கள் சர்க்காருடையவை. சில ஜமீனைச் சேர்ந்தவை. ஏரி பழுதாயிற்று. சர்க்கார் செலவு செய்து பழுதுபார்த்தது. பிறகு ஜமீன்காரர்களிடம் அவர்கள் பங்கைக் கேட்டது. அவர்கள் கொடுக்கவில்லை. ஏரியைக் காப்பாற்ற அந்த மராமத்து அவசியம், சர்க்கார் அதை இனாமாகச் செய்யவில்லை, பலனை ஜமீன்காரர்களும் அனுபவித்தார்கள். ஆகவே அவர்களும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அண்டைக்காரரிடம் மராமத்துப் பங்கு வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இது ஆறுதலான தீர்ப்பு. ஆனால் வாதி யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாதி சர்க்கார். சர்க்காருக்கு இன்ஜினீயர் உண்டு, எஸ்டிமேட் உண்டு, வக்கீல் உண்டு, பத்து வருஷம் காத்திருக்கப் பொறுமையும் உண்டு. கடைமடையில் இரண்டு மா நிலம் வைத்திருப்பவருக்கு இவற்றில் எது உண்டு? மேலும் இந்தப் பிரிவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பலனை ஏற்கவோ மறுக்கவோ மற்றவருக்கு வழி இருந்திருக்க வேண்டும். விரும்பாதவர் தலையில் ஒரு காரியத்தைச் செய்து வைத்துவிட்டுப் பணம் கேட்க முடியாது. வங்காள சர்க்காருக்கும் மண்டல் என்ற கான்டிராக்டருக்கும் நடந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1961-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டிய கொட்டகை வேண்டாம் என்றால் பிரித்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்லலாம். வாய்க்காலில் ஓடிவந்த தண்ணீரை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

எல்லாவற்றுக்கும் மேலாக, தலைமடைக்காரர் கோர்ட்டில் நின்று மிகவும் அமைதியாக ஒரு பதில் சொல்லலாம்: “நீங்கள் வாய்க்காலை வெட்டியதால் எனக்கு என்ன பலன்? வெட்டுவதற்கு முன்னாலும் எனக்குத் தண்ணீர் வந்தது. வெட்டிய பின்னாலும் வருகிறது.” இதற்குச் சட்டத்தில் பதில் தேடுவது கஷ்டம். சட்டம் பலனைக் கணக்குப் பார்க்கிறது. பழைய கிராம வழக்கம் பலனைக் கணக்குப் பார்க்கவில்லை. பங்கைக் கணக்குப் பார்த்தது. உனக்கு இவ்வளவு நிலம், ஆகவே இவ்வளவு மண். உன் மடை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பலனைக் கணக்கிட்டால் தலைமடைக்காரர் தப்பிவிடுவார். பங்கைக் கணக்கிட்டால் தப்ப முடியாது. குடிமராமத்தின் உயிர்நிலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். நீரில் பங்கும் மண்ணில் பங்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருந்தன. நீரை ஓர் ஏட்டிலும் மண்ணை மற்றோர் ஏட்டிலும் எழுத ஆரம்பித்த பிறகு, நீர்ப் பங்குக்குத்தான் வழக்காடினோமே தவிர மண் பங்குக்கு ஒருவரும் வழக்காடவில்லை. தஞ்சாவூர் நிலக்காரர் முதல் ராஜ்ய சர்க்கார்கள் வரை இதுவே கதை.

இவ்வளவு சொன்ன பிறகு பழைய வழக்கத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. பங்கு மிராசுதாருடையது, வாஸ்தவம். மண் சுமந்தவர் யார்? பத்து வேலி மிராசுதார் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வைகாசி வெயிலில் வாய்க்காலில் இறங்கினாரா? இல்லை. அவருடைய பண்ணையாள் இறங்கினார். நீரிலே பங்கு ஒருவருக்கு, மண்ணிலே பங்கு மற்றொருவருக்கு என்ற பிரிவினை சர்க்கார் வந்த பிறகு ஏற்பட்டதல்ல. ஊருக்குள்ளேயே சேரிக்கும் தெருவுக்கும் நடுவில் அது எப்போதும் இருந்தது. 1858-ஆம் வருஷத்துச் சட்டங்கூட, கரை உடையும் நேரத்தில் உழைப்பாளி வகுப்பாரைக் கூப்பிடு என்றுதான் சொல்லிற்று. நிலம் உள்ளவரைக் கூப்பிடு என்று சொல்லவில்லை. கிராமம் கூடிச் செய்த காரியம் என்று நாம் பெருமையாகப் பேசும் வேலையை, அந்தக் கிராமத்தின் பங்கேட்டில் பெயரே இல்லாதவர்கள்தாம் செய்தார்கள்.

1950-இல் வந்த அரசியல் சட்டம் கட்டாய வேலையைத் தடுத்தது. 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆளை அனுப்பினால் கூலி கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வர வர, தம் பங்கு மராமத்தில் மிராசுதாருக்கு இருந்த உற்சாகமும் குறைந்தது. குடிமராமத்து ஏன் அழிந்தது என்று கேட்பவர்கள் ஒற்றுமை குறைந்துவிட்டது என்று பெருமூச்சு விடுகிறார்கள். கூலி இல்லாத உழைப்பு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குறைவுக்காக வருத்தப்பட நமக்கு உரிமை இல்லை.

வந்தியின் கதையை இந்த இடத்தில் மறுபடியும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பாக்கிதாரர் வந்தி. அடி வாங்கியவர் கூலியாள். பங்குக்கு உரியவரை விட்டுவிட்டு, மண் சுமக்க வந்தவனை அடிப்பது எந்த ஊர் நியாயம்? அந்தக் கேள்வியைப் புராணம் கேட்டிருக்கிறது. எல்லார் முதுகிலும் பிரம்பு விழும்படி செய்து அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறது.

பிறகு வந்த ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உழைப்புக்குப் பதிலாகப் பணம் என்று 1942-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். நிலக்காரர்கள் சம்மதித்தால் வரியாகக் கொடுக்கலாம். சம்மதித்து வரி கொடுப்பவர்கள் எந்தத் தேசத்திலும் கூட்டமாக இருப்பதில்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்துவிட்டதால், தண்ணீர் தவறினால் மேட்டூரையும் அதற்கும் மேலே மைசூரையும் பார்க்கக் கற்றுக்கொண்டோம். பக்கத்து வாய்க்காலைப் பார்க்கும் வழக்கம் குறைந்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கிற்று. முதல் தவணையில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்க வேண்டும் என்பது விதி. பத்தில் ஒன்பது பங்கு சர்க்கார், ஒரு பங்கு குடி. பழைய கணக்கு தலைகீழாகி நிற்பதைப் பார்க்கலாம். அந்த ஒரு பங்கிலும் தலைமடைக்காரர் எவ்வளவு, கடைமடைக்காரர் எவ்வளவு என்ற கேள்வி ஊருக்கு ஊர் உட்கார்ந்து தீர்க்கவேண்டியதாகவே இருக்கிறது.

தரங்கம்பாடியிலேயே ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. விற்றுவிட்டுப் போன டேனியரிடம் கோட்டை மராமத்துக்குப் பங்கு கேட்க உலகத்தில் எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. ஆனாலும் 2000-க்குப் பிறகு டென்மார்க்கில் உள்ள தரங்கம்பாடி சங்கத்தார் தாமாகவே வந்து, நம் தொல்லியல் துறையோடு சேர்ந்து டான்ஸ்போர்க் கோட்டையைச் செப்பனிட உதவினார்கள். கவர்னர் மாளிகையைப் புதுப்பிப்பதில் அவர்களுடைய தேசிய மியூசியம் கலந்துகொண்டது. கேட்காமலே கொடுத்த பங்கு அது. கோட்டைக்குச் சரித்திரம் உண்டு, பார்க்க வருவோர் உண்டு, படம் பிடிப்போர் உண்டு. அரை மைலுக்கு அப்பால் கோரை மண்டிக் கிடக்கும் கன்னி வாய்க்காலுக்காகக் கடல் தாண்டி யார் வரப்போகிறார்கள்? அதற்குப் பக்கத்து வயல்காரர்தாம் வர வேண்டும்.

அவரை வரவழைப்பது எப்படி? நூற்று அறுபது வருஷத்துச் சட்ட அனுபவம் சொல்வது ஒன்றுதான். மராமத்து முடிந்த பிறகு அண்டைக்காரரின் பங்கை வாங்குவது வழக்கு. மராமத்துக்கு முன்னால் அதை அளந்து வைப்பது ஏற்பாடு. வழக்கில் ஜெயித்தாலும் அந்த வருஷத்துப் பயிர் போனதுதான். ஆகையால் தண்ணீர் வருவதற்கு முன்னால், சித்திரையிலே, எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு நிலம், அதற்கு எவ்வளவு மண் என்று எழுதிவிட வேண்டும். மடை எங்கே இருக்கிறது என்பதைக் கேட்கக்கூடாது. சுமப்பவருக்குக் கூலி எவ்வளவு என்பதையும் அதே ஏட்டில், அதே நாளில் எழுதிவிட வேண்டும். பழைய ஏட்டில் விட்டுப்போனது அந்த ஒரு வரிதான்.

எழுதிய பிறகும் ஒருவர் வராமல் இருக்கலாம். இருப்பார். அப்போது அவரைத் திட்டுவதற்கு முன்னால், கடைமடைக்காரரை அழைத்துப்போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்கலாம். காய்ந்த வயலின் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, எனக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வது அத்தனை சுலபமில்லை.